உப்புக்காற்றில் நீராவி எஞ்சின்: பாய்லருக்கு எந்தத் தண்ணீர்?

உச்சிப்புளி45 (இழையைத் தொடங்கியவர்)

வீட்டுக் கொல்லையில் 45 மி.மீ மாதிரி ரயில் பாதை (இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 45 மி.மீ.) போட்டு, நிஜ நீராவியில் ஓடும் சின்ன எஞ்சின் ஓட்டுகிறேன். எஞ்சின் இங்கிலாந்தில் செய்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. செம்புப் பாய்லர், பியூட்டேன் வாயுவில் எரியும், சேஃப்டி வால்வு 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறக்கும். ஒரு தடவைக்கு 200 மி.லி. தண்ணீர் பிடிக்கும், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். பாதையைத் தரையில் போடவில்லை. ஹாலோபிளாக் தூண் கட்டி, மேலே கடப்பா கல் பரப்பி, இடுப்பு உயரத்தில் கொண்டுபோயிருக்கிறேன். காரணம் ஆடு, கோழி, காற்றில் வரும் மணல். எல்லாவற்றையும் விட என் முதுகு.

நம்ம ராமநாதபுரம் கரையில் ஓட்டுகிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும்.

முதலில் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைப் பாய்லரில் ஊற்றக் கூடாது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு எதை ஊற்றுவது? வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் ஒருவர் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் என்கிறார். இன்னொருவர், ரொம்பச் சுத்தமான தண்ணீர் பித்தளையைத் தின்றுவிடும், மழைத்தண்ணீர்தான் நல்லது என்கிறார். அவர் ஊரில் வாராவாரம் மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை போனால் அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது கேஸ். காலையில் முதல் ஓட்டத்துக்கு எஞ்சின் தொட்டியில் ஒழுங்காக ஏறுகிறது. வெயில் வந்த பிறகு இரண்டாவது தடவை நிரப்பப் போனால் பாதிகூட ஏற மாட்டேன் என்கிறது. கேனில் கேஸ் இருக்கிறது, குலுக்கினால் தெரிகிறது.

கடைசியாக ஓர் ஆசை. நிலக்கரியில் எரியும் எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. நம்ம மாவட்டத்தில் சீமைக் கருவேலங்கரிக்கா பஞ்சம்? அதையே போட்டு ஓட்டலாமா?

பரமக்குடி பயணி

ஒரு அப்பாவிக் கேள்வி. கரண்டில் ஓடுகிற ரயில் வாங்கி, உள்ளே ஸ்பீக்கர் வைத்து 'குப் குப்' சத்தம் விட்டால் போச்சு. எதற்கு இந்தத் தண்ணி, கேஸ், கரித் தலைவலி எல்லாம்?

மண்டபம் கேம்ப்

பயணி, நம்ம கரையில் கரண்ட் ரயிலுக்குத்தான் பெரிய தலைவலி. தண்டவாளம் வழியாக மின்சாரம் போக வேண்டும், சக்கரம் அதைத் தொட்டு எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் பித்தளைத் தண்டவாளம் மங்கிக்கொண்டே இருக்கும், ஓட்டும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீராவி எஞ்சினுக்கு அந்தக் கவலை கிடையாது. தண்டவாளம் பச்சை பூத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்பு ஆராய்ச்சிக்கென்று மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. சும்மா வைக்கவில்லை. இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று பார்க்க இதைவிட 'நல்ல' ஊர் கிடைப்பது கஷ்டம்.

உச்சிப்புளி, நீங்கள் கேட்காத ஒன்று. தண்டவாளம் எந்த உலோகம்? அலுமினியம் என்றால் உப்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதைவிட மோசம், அலுமினியத் தண்டவாளத்தைப் பித்தளை ஜாயினரால் இணைப்பது. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் பேட்டரிதான், அலுமினியம் கரையும். திருகாணி வாங்கும்போது 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் கேட்காதீர்கள். கடையில் கொடுப்பது 304. நம்ம கரையில் அதுவும் பழுப்புக் கறை காட்டும். 316 கேட்டு வாங்குங்கள்.

உச்சிப்புளி45

பித்தளைதான். ஸ்லீப்பர் கட்டை மட்டும் பிளாஸ்டிக் இல்லை. பழைய ஓட்டு வீடு பிரித்தபோது கிடைத்த பனைச் சட்டத்தை அறுத்துப் போட்டேன். வைரம் பாய்ந்த பனை. ரம்பம் இரண்டு பிளேடு தின்றது. வெயிலுக்கும் மழைக்கும் அசையவில்லை.

மண்டபம் கேம்ப்

பனைச் சட்டம்! இதற்கு மேல் என்ன வேண்டும்? வெயிலில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் காலப்போக்கில் மொறமொறவென்று உடையும்.

ஒன்று பாருங்கள், பித்தளை வெயிலில் நன்றாகவே நீளும். 10 மீட்டர் நேர்ப் பாதை, விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் தண்டவாளத்தின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள், கிட்டத்தட்ட 6 மி.மீ. நீளும். கறுத்துப்போன தண்டவாளம் காற்றின் வெப்பத்தைவிட அதிகமாகவே சூடாகும். எனவே எல்லா ஸ்லீப்பரையும் கல்லோடு சேர்த்து முறுக்காதீர்கள். நேர்ப் பாதையின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிடித்துவிட்டு மற்றதை நகர விடுங்கள். இணைப்பில் இடைவெளி விடுவதைக் குளிர்ந்த காலை நேரத்தில் செய்யுங்கள்.

பொன்மலை ஃபிட்டர்

தண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். நான் பொன்மலை பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய பாய்லரும் இந்தச் சின்னப் பாய்லரும் ஒரே வழியில்தான் கெடும். சின்னது சீக்கிரம் கெடும், அவ்வளவுதான்.

தண்ணீர் நீராவியாகி வெளியே போகிறது. அதில் கரைந்திருந்த உப்பு போவதில்லை, உள்ளேயே தங்குகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் உள்ள தண்ணீரை 200 மி.லி. ஊற்றிக் காய்ச்சினால் 100 மில்லிகிராம் உள்ளே நிற்கும். அடுத்த தடவை இன்னொரு 100. இப்படிச் சேரச் சேர இரண்டு வினை. ஒன்று, தீக்குழாய் மேல் காரை படிந்து சூடு ஏறாமல் போவது. இது மெதுவாக வரும். மற்றது உடனே வரும். உப்பு கூடிய தண்ணீர் கொதிக்கும்போது நுரைத்து, பால் பொங்குவது போல் மேலே எழும்பி, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும். பிரைமிங் என்போம். புகைபோக்கி கொழகொழவென்று துப்பும், எஞ்சின் திக்கித் திக்கிப் போகும், சிலிண்டருக்குள் இருந்த எண்ணெயெல்லாம் கழுவிக்கொண்டு போகும். நிறையப் பேர் ரெகுலேட்டரில் (சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் வால்வு) கோளாறு என்று கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு தண்ணீரில்.

பெரிய எஞ்சினில் ப்ளோ டவுன் செய்து அடித்தண்ணீரைத் திறந்துவிடுவோம். உங்கள் எஞ்சினில் அந்த வால்வு இருக்காது. ஓட்டம் முடிந்து அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு, கை பொறுக்கும் சூட்டில், மிச்சத் தண்ணீரை ஒரு சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

இனி 'சுத்தமான தண்ணீர் பித்தளையைத் தின்னும்' கதை. முழுப் பொய்யில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். சில தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, மிச்சம் சிவந்த பஞ்சு மாதிரி செம்பு நிற்கும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஸ்பேனர் வைத்தால் பொடிந்துவிடும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் பாய்லரில் திருகு மரை வரும் இடங்களுக்குப் பித்தளை போட மாட்டார்கள், வெண்கலம் அல்லது கன்மெட்டல் போடுவார்கள். உங்கள் எஞ்சின் யார் செய்தது, எது போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெண்கலம் என்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் தாராளமாக ஊற்றலாம்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபிட்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கப்பலில் என்ஜின் ரூமில் கிடந்தவன். சுற்றிலும் கடல், பாய்லருக்கு ஒரு சொட்டு கடல்நீர் ஆகாது. காய்ச்சி வடித்துத்தான் விடுவோம். வருஷக்கணக்கில் டிஸ்டில்டு வாட்டரிலேயே ஓடும். அப்படியானால் அரிப்பு எங்கே வருகிறது? வடித்த தண்ணீரைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசாகப் புளிக்கும், அதாவது அமிலமாகும். கப்பலில் அதற்கு மருந்து கலந்து காரமாக வைப்போம், தினமும் சோதிப்போம். 200 மி.லி. பாய்லரில் அந்த வேலை வேண்டாம், மருந்து கூடினால் அதுவே நுரைக்கும்.

தம்பி, டிஸ்டில்டு கேனை மூடி வையுங்கள், ஓட்டம் முடிந்ததும் பாய்லரைக் காலி செய்யுங்கள், அவ்வளவுதான். நான் என் எஞ்சினுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன். காசில்லாமல் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்!

மண்டபம் கேம்ப்

காக்கா, ஏ.சி. தண்ணீரில் எனக்கு உடன்பாடில்லை. ஆவி குளிர்ந்து வந்த தண்ணீர்தான், சரி. ஆனால் அது எதன் மேல் குளிர்கிறது? அலுமினியத் தகடும் செம்புக் குழாயும். அதில் அறையின் தூசி, பாசி, கடற்காற்றில் வந்த உப்பு எல்லாம் ஒட்டியிருக்கும். அதைக் கழுவிக்கொண்டு வருவதுதான் உங்கள் பக்கெட்டில் விழுகிறது.

கீழக்கரை காக்கா

காட்டன் துணியில் வடிகட்டுகிறேன்.

மண்டபம் கேம்ப்

துணியில் தூசி நிற்கும், கரைந்த உப்பு நிற்குமா?

பொன்மலை ஃபிட்டர்

சண்டை வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எல்லாத் தண்ணீரிலும் முக்கிப் பாருங்கள். உச்சிப்புளி, நீங்களே பார்த்து எழுதுங்கள்.

மழைத்தண்ணீர் பற்றியும் சொல்கிறேன். மொட்டை மாடியில் பிடிக்கும்போது முதல் மழையை விட்டுவிடுங்கள். கோடை முழுக்கப் படிந்த உப்பும் காக்கா எச்சமும் அதில்தான் வரும். (கீழக்கரைக்காரர் கோபிக்க வேண்டாம், நான் பறவையைச் சொன்னேன்.)

கீழக்கரை காக்கா

ஹா ஹா. கோபம் இல்லை ஐயா.

கேஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தம்பி, கேனிலிருந்து எஞ்சின் தொட்டிக்கு கேஸ் ஏறுவது பம்பு வைத்து இல்லை. கேனில் அழுத்தம் கூடுதலாக, தொட்டியில் குறைவாக இருந்தால்தான் ஏறும். பியூட்டேனின் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 16 பி.எஸ்.ஐ., 40 டிகிரியில் கிட்டத்தட்ட 40 பி.எஸ்.ஐ. இப்போது உங்கள் எஞ்சினைப் பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் கேப்பில் (எஞ்சினின் டிரைவர் அறையில்) இருக்கிற தொட்டி பாய்லர் சூட்டில் வெந்து கிடக்கிறது. கேன் நிழலில் இருக்கிறது. தொட்டியின் அழுத்தம் கேனுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும்போது கேஸ் எப்படி உள்ளே போகும்?

குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு கேனை வெந்நீரில் வைத்துவிடாதீர்கள்! அவர்களுக்குச் சிக்கல் தலைகீழ், அங்கே சைபர் டிகிரிக்குக் கிட்ட பியூட்டேன் ஆவியாகவே மாட்டாமல் படுத்துவிடும். நமக்கு வேண்டியது தொட்டியைக் குளிர வைப்பது. மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துத் தொட்டி மேல் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு நிரப்புங்கள், கடகடவென்று ஏறும். சில எஞ்சின்களில் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் விட ஒரு பெட்டியே இருக்கும். அவர்கள் அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவார்கள், நாம் பானைத் தண்ணீர் ஊற்றுவோம்.

புரோபேன் கலந்த கேன் வாங்க வேண்டாம். அது மலை ஏறுகிறவர்களுக்கு. 40 டிகிரியில் சுத்தப் புரோபேன் 180 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். சுத்தப் பியூட்டேன் கேன் போதும். நிரப்பும் இடத்தில் அடுப்பு, பீடி, எரிகிற இன்னொரு எஞ்சின் எதுவும் இருக்கக் கூடாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே படிந்து தவழ்ந்து போகும்.

உச்சிப்புளி45

ரொம்ப நன்றி காக்கா. ஓடும்போது தீ திடீரென்று 'ஊ' என்று கத்துவதும் இதனால்தானா?

கீழக்கரை காக்கா

அதேதான். தொட்டி சூடேறி கேஸ் அழுத்தம் கூடுகிறது, தீ பர்னரை விட்டு எழும்பிக் கத்துகிறது. கேஸ் வால்வைக் குறையுங்கள். உறுமல் அடங்கி 'உஸ்' என்று வரும். காது வைத்துப் பழகிவிட்டால் போதும், பிரஷர் கேஜைப் பார்க்கவே வேண்டாம்.

நெறியாளர்

பிரஷர் கேஜைப் பார்க்க வேண்டாம் என்பதைப் புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டாயம் பாருங்கள்.

இழையைப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இந்தியக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைவான பாய்லரைக் கணக்கில் எடுப்பதில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் வந்த புதுச் சட்டத்திலும் அப்படித்தான். அதாவது உங்கள் பாய்லரை அரசு இன்ஸ்பெக்டர் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதலில் நீரழுத்தச் சோதனை. பாய்லரில் துளிக் காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பிடித்து வைத்து, எங்காவது கசிகிறதா, வீங்குகிறதா என்று பார்ப்பது. புதுப் பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு என்பது வழக்கம். தண்ணீர் அமுங்காது என்பதால் விரிசல் விட்டாலும் வெடிக்காது, ஒழுகும். காற்றடித்துச் சோதிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கேஸ் எஞ்சினில் தண்ணீருக்கு முன்னால் கேஸ் தீர வேண்டும். அந்தக் கணக்கில்தான் தொட்டியை அளந்து வைத்திருப்பார்கள். ஓட்டத்தின் நடுவில் கேஸ் மட்டும் திரும்ப நிரப்பிவிட்டுத் தண்ணீரை மறந்தால் பாய்லர் காய்ந்து, பற்றாசு வைத்து ஒட்டிய மூட்டுகள் இளகும்.

தங்கச்சிமடத்துக்காரி

இப்போதுதான் பார்த்தேன். கரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் கரியில்தான் ஓட்டுகிறேன்.

முதலில் கருவேலங்கரியும் நிலக்கரியும் ஒன்றில்லை. நிலக்கரி எஞ்சினைப் பற்றவைக்கக் கருவேலங்கரி அருமை. ஓட்டம் முழுக்க அதையே போட்டால் கை ஓயாது.

பற்றவைக்கும் விதம்: மூட்டத்திலிருந்து வந்த கரியில் நல்ல துண்டாகப் பொறுக்குங்கள். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே விறகு வேகாமல் நிற்கிறது, புகைதான் வரும். பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துப் போட்டுவிட்டு, ராத்திரியே ஒரு மூடிபோட்ட டப்பாவில் விளக்கெரிக்கும் பாரபின் எண்ணெயில் ஊற வையுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் சரி. பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. காலையில் வடித்துத் தீப்பெட்டிக்குள் (எஞ்சினில் கரி எரியும் அறை) போட்டு, புகைபோக்கி மேல் சின்ன பேட்டரி ஃபேன் ஒன்றை வைத்து இழுவை கொடுத்தால்தான் தீ பிடிக்கும். எஞ்சினில் நீராவி வரும் வரை தானாக இழுவை கிடையாது. 10, 15 பி.எஸ்.ஐ. ஏறியதும் ஃபேனை எடுத்துவிட்டு எஞ்சினின் சொந்த ப்ளோயரை (புகைபோக்கியில் நீராவியைப் பீய்ச்சி இழுவை தருவது) திறக்கலாம். அப்புறம் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

நிலக்கரி வாங்குவதில்தான் சிக்கல். நம்ம நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், சின்னத் தீப்பெட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் கூடுதல், இதற்கு ஆகாது. ஆந்திரசைட் என்கிற கெட்டியான, புகை குறைந்த நிலக்கரி கிடைத்தால் பிடித்து வையுங்கள். கிடைக்காத காலத்தில் நான் முழுக்கக் கருவேலங்கரியிலேயே ஓட்டியிருக்கிறேன். ஓடும். புகையே இருக்காது, சாம்பல் மாவு மாதிரி, கட்டி பிடிக்காது. ஆனால் லேசான கரி, சுற்றுக்குச் சுற்று நின்று போட வேண்டும், ஏற்றமாக இருந்தால் அழுத்தம் நிற்காது. முக்கியமானது பொறி. புகைபோக்கியில் சரசரவென்று பொறி பறக்கும். எங்கள் பக்கம் ஓலை வேலி. காற்று அடிக்கும் நாளில் கருவேலங்கரி போடவே மாட்டேன். வாளியில் தண்ணீரும் சாக்கும் பக்கத்தில் இல்லாமல் பற்றவைக்க மாட்டேன்.

உச்சிப்புளி45

அக்கா, காற்று என்றீர்களே, எந்தக் காற்றில் ஓட்டுவது நல்லது?

தங்கச்சிமடத்துக்காரி

ஆடியில் கச்சான் அடிக்கும்போது தென்கடல் பக்கம் நினைக்கவே வேண்டாம். மணல் பறந்து வந்து அச்சிலும் வால்வு கியரிலும் உட்காரும், எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள்தான். வாடைக்கு வடகடல் பொங்கும், அந்தப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு உப்புச் சாரல். இரண்டுக்கும் நடுவில் பங்குனி, சித்திரையில் காலை நேரம் அமைதியாக இருக்கும், ஆனால் வெயில்.

என்னைக் கேட்டால் மார்கழி, தை விடிகாலைதான். நீராவி கொதிசூட்டில் வெளியே வருகிறது, சூடான காய்ந்த காற்றில் கலந்தால் கண்ணுக்கே தெரியாது. சித்திரை மத்தியானம் ஓட்டினால் எஞ்சின் என்னவோ கரண்டில் ஓடுவது மாதிரி இருக்கும். பனி இருக்கிற காலையில் வெள்ளை வெளேரென்று பெட்டிக்கு மேல் புரண்டு போகும். என் வீட்டுக்காரர் எந்த மாதமும் எட்டிப் பார்க்க மாட்டார், மார்கழியில் மட்டும் டீயோடு வந்து நிற்பார்.

ஓட்டி முடித்ததும் சூடு இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூட வேண்டாம், உள்ளே வேர்க்கும். மரப்பெட்டிதான் நல்லது.

பரமக்குடி பயணி

படித்துக்கொண்டே வந்தேன், கரண்ட் ரயில் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். 45 மி.மீ என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அது என்ன கணக்கு?

மானாமதுரை மீட்டர்கேஜ்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1968-இல் ஜெர்மனியில் லேமன் என்ற நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்ட ரயிலைக் கொண்டுவந்தபோது எடுத்த அளவு 22.5-இல் ஒரு பங்கு. மீட்டர்கேஜ் 1000 மி.மீ. 22.5-ஆல் வகுத்தால் 44.4. அதற்கு மிகக் கிட்டத்தில் ஏற்கெனவே இருந்த தண்டவாளம் 45 மி.மீ. ஆக 45 என்பது மீட்டர்கேஜ்தான்!

நம்ம ராமேஸ்வரம் லைன் 2007-இல் பாம்பன் பாலம் அகலப் பாதையாகும் வரைக்கும் மீட்டர்கேஜ். 1914-இல் பாலம் திறந்ததிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் போனது அதே மீட்டர்கேஜில். என் மாமனார் வை.பி. என்ற மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினில் ஃபயர்மேன். உச்சிப்புளி கொல்லையில் கிடக்கிற பாதை எங்கள் வீட்டுப் பாதை மாதிரி எனக்கு.

எனக்கொரு கனவு உண்டு. தூக்குப்பாலத்தையும் சேர்த்துப் பழைய பாம்பன் பாலத்தை இதே அளவில் கட்டுவது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 22.5-இல் ஒரு பங்கு என்றால் 90 மீட்டருக்கு மேல் நேர்கோடு வேண்டும். என் மனையின் நீளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கீழக்கரை காக்கா

கடலிலேயே கட்டிவிடுங்கள் மாப்ள.

நெறியாளர்

பாலத்துக்குத் தனி இழை தொடங்கலாமே. அந்தப் பேச்சு இங்கே வந்தால் பாய்லர் தண்ணீர் ஆறிவிடும்.

பரமக்குடி பயணி

சரி, கடைசிச் சந்தேகம். கேஸும் வேண்டாம், கரியும் வேண்டாம், ஸ்பிரிட் விளக்கு வைத்து ஓடுகிற எஞ்சினும் இருக்கிறதாமே? விலை குறைவு என்கிறார்கள்.

பொன்மலை ஃபிட்டர்

இருக்கிறது, ஜப்பான்காரர்கள் செய்தது பார்க்கக் கண்கொள்ளாத அழகு, விலையும் அப்படித்தான். விலை குறைந்தவை பொம்மை ரகம். கரையில் அது சரிப்படாது. ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, எங்கே சிந்தி எரிகிறது என்று கையைச் சுட்ட பிறகுதான் தெரியும். காற்று அடித்தால் தீ சாய்ந்து பெயின்டை எரிக்கும். நம்ம மாநிலத்தில் அந்த ஸ்பிரிட் வாங்குவதும் லேசில்லை. மெத்தனால் விஷம், யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உச்சிப்புளி45

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன். எங்கள் கிணறு நாலு இலக்கம், எதிர்பார்த்ததுதான். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு இலக்கம். பேட்டரி கடை டிஸ்டில்டு ஒற்றை இலக்கம். பக்கத்து வீட்டு ஏ.சி. தண்ணீரும் இரண்டு இலக்கம், ஆர்.ஓ.வை விடக் குறைவு. காக்காவுக்கும் மண்டபத்துக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியில் ஈரத் துணி வைத்தேன். பத்தரை மணிக்கு இரண்டாவது நிரப்பு முழுசாக ஏறியது.

மண்டபம் கேம்ப்

பாதி வெற்றியை ஏற்க மாட்டேன். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், அது எந்த உப்பு என்று சொல்லாது. அதில் பாதி குளோரைடு என்றால்?

கீழக்கரை காக்கா

தம்பி, என் எஞ்சின் இன்னும் ஓடுகிறது. அது போதும் எனக்கு.

பொன்மலை ஃபிட்டர்

உச்சிப்புளி, நீங்கள் டிஸ்டில்டுக்கே போங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் 200 மி.லி. கணக்கில் 25 நிரப்பு வரும். ஒரு நிரப்புக்கு ஆகும் செலவு டீக்காசுகூட இல்லை. இதற்குப் போய் ஏ.சி.க்குக் கீழே பக்கெட் வைத்துக்கொண்டு நிற்பானேன்?

எண்ணெய் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்கு மோட்டார் ஆயில் ஊற்றாதீர்கள், நீராவிச் சூட்டில் நிற்காது. ஆலைகளில் நீராவி எஞ்சினுக்கு வாங்கும் சிலிண்டர் ஆயில், 460 கிரேடு, தேன் பதத்தில் இருக்கும். லூப்ரிகேட்டர் டப்பாவில் நிரப்பி மூடிவிட்டால், உள்ளே புகுந்த நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் இறங்கும், எண்ணெய் மேலே மிதந்து துளித்துளியாய் நீராவிக் குழாய்க்குப் போகும். ஓட்டம் முடிந்ததும் அந்த டப்பாவின் அடித்தண்ணீரையும் சிரிஞ்சில் எடுத்துவிட்டுத்தான் அடுத்த எண்ணெய். புகைபோக்கி வாயைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி தெறித்திருந்தால் எண்ணெய் போகிறது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

உச்சிப்புளி45

நிறையத் தெறிக்கிறது ஐயா, கடப்பா கல் எல்லாம் புள்ளி. வீட்டில் அதற்குத்தான் திட்டு.

தங்கச்சிமடத்துக்காரி

பாத்திரம் கழுவும் சோப்பும் தேங்காய் நாரும். உடனே தேய்த்தால் போகும், மறுநாள் ஆனால் போகாது.